கிரையோகோனைட்

கிரையோகோனைட் என்பது பனியாறுகளின் மேற்பரப்பில் படியும் கருநிறத் தூசி ஆகும். கிரேக்க மொழியில் ‘கிரையோஸ்’ கடுங்குளிரையும் ‘கோனிஸ்’ தூசியையும் குறிக்கும்.

1870இல் கிரீன்லாந்தின் பனிவிரிப்பில் பயணம் செய்த சுவீடன் நாட்டு ஆய்வாளர் அடோல்ஃப் எரிக் நோர்டென்ஷெல்டு, நீர் நிறைந்த உருளை வடிவக் குழிகளைக் கண்டார். அவற்றின் அடியில் கிடந்த தூசிக்கு இப்பெயரைச் சூட்டியவர் அவரே.

வெண்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கருந்தூசியோ அதை ஈர்த்துச் சூடாகி, அடியிலுள்ள பனியை உருக்கிக் கீழே இறங்கும். அதனால் குழி உண்டாகிறது. படிவு தடிமனாக இருந்தால் விளைவு நேர்மாறு. வெப்பம் பனியை எட்டாது. சுற்றுப்புறம் உருகித் தாழ, அவ்விடம் மேடாக நிற்கும்.

இத்தூசியில் விண்வெளித் துகள்கள் உள்ளன என்று நோர்டென்ஷெல்டு கருதினார். அத்தகைய துகள்கள் சிறிதளவு இருப்பது பின்னர் உறுதியானது. எனினும் பெரும்பகுதி காற்று கொணர்ந்த மண்ணும் உயிர்ப்பொருள்களுமே.

அவருடன் சென்ற தாவரவியலாளர் ஸ்வென் பெர்கிரென், பனியின்மேல் கருநிறப் பாசி வளர்வதைக் கண்டறிந்தார். முற்காலத்தில் வட ஐரோப்பாவை மூடியிருந்த பனி உருகியதிலும் இப்பாசிக்குப் பங்கு இருக்கலாம் என்று நோர்டென்ஷெல்டு எண்ணினார். தூசியும் பாசியும் பனி உருகுவதை எவ்வளவு விரைவுபடுத்துகின்றன என்பதை, கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், அறிவியலாளர்கள் அதே கிரீன்லாந்தில் அளந்து வருகின்றனர்.