கணவாய்க்கு மேற்கே

திருநெல்வேலிச் சீமையின் செம்மண் தேரிகளிலிருந்து பணகுடியும் காவல்கிணறும் கடந்து, ஆடிக்காற்று ஆளையே தள்ளும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்தால், உடைமரமும் கள்ளியும் பின்தங்க, சில நாழிகை நடைக்குள் வயலும் குளமும் தென்னையுமாக விரியும் பூமியே நாஞ்சில் நாடு. இரு பருவமழைகளும் வாய்த்த பிரதேசமாகையால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நெல். பழையாறும் அதன் அணைகளுமே ஆதாரம்.

இத்தகைய விளைநிலம் இரு இராஜ்யங்களின் நடுவே கிடந்ததுதான் அதன் துர்ப்பாக்கியம். பாண்டியர், சோழர், வேணாட்டரசர் என யார் கை ஓங்கினாலும் அவர் கண் இந்த நெல்லின்மேலேயே விழுந்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளைப் படிப்போர்க்கு 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் அவலம் நேரிலே தெரியும்: மதுரை நாயக்கரின் படை கணவாய் வழியே புகுந்து கதிரைக் கொள்ளையிட, காக்க வராத வேணாட்டு அதிகாரிகளோ வரி மட்டும் கேட்டு வந்து நிற்க, நாட்டார் கூட்டம் கூடி, இனி கொடுப்பதில்லை என்று ஓலையிலேயே எழுதி வைத்தனர். பிற்காலத்துச் சத்தியாக்கிரகங்களுக்கு முன்னோடி தேடுவோர் இந்த ஓலைகளையும் ஒருமுறை புரட்டலாம்.

1809 பிப்ரவரியில், கும்பப்பூ முற்றும் தருணத்தில், வேணாட்டின் வழிவந்த திருவிதாங்கூரின் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை அடக்கப் புறப்பட்ட கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைத் தகர்த்ததும் இதே வாயிலில்தான்.

எல்லை நிலத்தோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் புகுந்தது. தமிழ் பேசிய நாஞ்சில் வேளாளர் பலர், மலையாள தேசத்து மருமக்கள் தாயத்தைக் கைக்கொண்டனர். தந்தையின் சொத்து உடன்பிறந்தாள் மகனுக்குப் போக, பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்னும் சிறு பங்கே மிஞ்சியது. தலைமுறை தலைமுறையாய் வழக்காடி அழிந்த குடும்பங்கள் அநேகம். கவிமணி இதனை எள்ளி நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் செய்து பிள்ளைகளின் உரிமையை நிலைநாட்டியது.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, அரசியல் எல்லை ஆரல்வாய்மொழியை விட்டு மேற்கே களியக்காவிளைக்குப் பெயர்ந்தது. பழைய நிலப்பத்திரங்களில் மட்டும் மலையாள தேசத்துக் கொல்லம் ஆண்டே நிற்கிறது.