ஏலத்தில் போன திப்புவின் துவக்கும், எழுதி வைக்காத எமது பொருட்களும்



2019 மார்ச் மாதம் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு பழைய துவக்கு 60,000 பவுணுக்கு விலைபோனது. வெள்ளி வேலைப்பாடு கொண்ட துவக்கு அது. அதன் நுனியில் பொருத்தும் குத்துக்கத்தியும் கூடவே இருந்தது. பயனெட் என்று சொல்வோமே, அதுதான். பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு தம்பதியர் தமது வீட்டுப் பரணில் கிடந்த எட்டுப் பழம்பொருட்களை எடுத்து ஏலத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் இதுவும் ஒன்று. மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் சொந்த ஆயுதசாலையில் இருந்தது என்று ஏலக்காரர் அறிவித்தார்கள்.

இரும்பு, மரம், கொஞ்சம் வெள்ளி. நிறுத்து விற்றால் சில ஆயிரம் ரூபாய் வரும். அதே பொருளுக்கு 60,000 பவுண் கொடுக்க ஓர் ஆள் முன்வருவது ஏன்? இந்தக் கேள்விக்குப் பின்னால் எமது சமூகமும் யோசிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாக வாசியுங்கள்.

பழைய ஆயுதங்களையும் பழைய மணிக்கூடுகளையும் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒன்று உயிரை எடுக்கச் செய்யப்பட்டது. மற்றது நேரத்தை அளக்கச் செய்யப்பட்டது. இரண்டையும் ஒரே ஆட்கள் தேடி வாங்குவது ஏன் என்று நாம் நினைக்கலாம். இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலுமே அவற்றின் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பொருளின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரித்தானிய இராணுவம் முதலாம் உலகப் போரில் பயன்படுத்திய 1907 மாதிரிப் பயனெட்டை எடுத்துக்கொள்வோம். 17 அங்குல அலகு. பிடிக்கு அருகில் ஒரு பக்கத்தில் முடிச் சின்னம், 1907 என்ற மாதிரி ஆண்டு, அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், செய்த நிறுவனத்தின் பெயர் என்பன இருக்கும். மறுபக்கத்தில் அரசாங்கச் சொத்து என்பதைக் காட்டும் அம்புக்குறி. அலகை வளைத்துச் சோதித்தாயிற்று என்பதற்கு எக்ஸ் வடிவக் குறி. சிலவற்றின் பிடியில் எந்தப் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்டது என்ற அடையாளமும் இருக்கும். விபரம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் அதன் கதையைச் சொல்லிவிடுவார்.

மணிக்கூடும் அப்படித்தான். இலண்டனில் செய்த வெள்ளிக் கூட்டைத் திறந்தால் சிறுத்தைத் தலை முத்திரை அது இலண்டனில் சோதிக்கப்பட்டது என்று சொல்லும். நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தைச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். உள்ளே இயந்திரத்தில் செய்தவரின் பெயரும் இலக்கமும் வெட்டப்பட்டிருக்கும். கூட்டின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் விலை விழுந்துவிடும். பாரிஸில் இருந்த பிரெகே என்ற புகழ்பெற்ற மணிக்கூட்டுக் கலைஞரின் விற்பனைப் பேரேடுகள் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. எந்த இலக்க மணிக்கூட்டை யார் வாங்கினார் என்று 200 வருடத்துக்கு முந்திய கணக்கையும் அதில் தேடிப் பார்க்கலாம்.

இதில் எமக்கு நெருக்கமான ஒரு பக்கமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனின் ஜோர்ஜ் பிரையர் போன்றவர்கள் துருக்கிச் சந்தைக்கென்றே மணிக்கூடுகள் செய்தார்கள். முகப்பில் நாம் குர்ஆனில் ஆயத்து இலக்கங்களாகக் காணும் அதே அரபு எண்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று, நான்கு கூடுகள். வெளிக் கூட்டுக்கு ஆமையோடு. உஸ்மானிய ஆட்சியில் மஃரிபுடன் 12 மணி, அங்கிருந்து புதிய நாள் தொடங்கும். சூரியன் மறையும் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் மணிக்கூட்டை அடிக்கடி திருத்த வேண்டும். பெரிய பள்ளிவாசல்களின் அருகே நேரம் கணிக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார். துருக்கியில் இந்த முறை 1926 தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. அந்த மணிக்கூடுகள் இன்று ஐரோப்பிய ஏலங்களில் கைமாறுகின்றன.

மணிக்கூட்டையும் துவக்கையும் வெளியில் இருந்து வாங்கிக்கொண்டே இருந்தால் போதாது, அவற்றைச் செய்யும் தொழிலே எம்மிடம் வர வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே நினைத்த ஒரு முஸ்லிம் ஆட்சியாளர்தான் திப்பு சுல்தான். 1780களில் அவர் இஸ்தன்பூலுக்கு ஒரு தூதுக்குழுவையும் பிரான்ஸுக்கு இன்னொரு தூதுக்குழுவையும் அனுப்பினார். பிரான்ஸ் சென்ற மூவரை 1788 ஆகஸ்ட் மாதம் வெர்சாய் மாளிகையில் பதினாறாம் லூயி மன்னர் வரவேற்றார். இராணுவ உதவியோடு திப்பு கேட்டது கைத்தொழில் தெரிந்த ஆட்களை. துவக்குச் செய்வோர், கண்ணாடி செய்வோர், பீங்கான் செய்வோர், மணிக்கூடு செய்வோர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்யப்பட்ட அவரது துவக்குகளில் புலிவரிக் கோலமும், தந்தை ஹைதர் அலியின் பெயர்க் குறியும் இருக்கும். ஆண்டைக்கூட அவர் தாமே வகுத்த மௌலூதி கணக்கில் பொறித்தார்.

1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரிட்டபடியே ஷஹீதானார். அந்தத் தாக்குதலில் எமது நாட்டோடு தொடர்புடைய ஒரு படையும் இருந்தது. டி மெரோன் என்ற சுவிஸ் கூலிப்படை ஒல்லாந்தரின் சம்பளத்தில் இலங்கையில் இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் கொழும்பு அவர்கள் கைக்குப் போனது. நான்கு வருடத்தில் அதே படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றது.

கோட்டை விழுந்த இரவு முழுவதும் கொள்ளை. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், தூக்கிலிட்டும் கசையடி கொடுத்தும்தான் தமது படையாட்களை அடக்கினார். அதன் பிறகு ஆரம்பித்தது முறைப்படியான கொள்ளை. சொத்துகளைக் கணக்கிட்டுப் பங்கு பிரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. தளபதி ஹாரிஸின் பங்கு மட்டும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பவுணுக்கு மேல். திப்புவின் பொன் சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு துண்டாக்கினார்கள். பொருட்களை அங்கேயே ஏலம் விட்டார்கள்.

சுல்தானின் உடுப்புகளையும் ஏலம் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வெல்லெஸ்லி ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். அது அவமானம் என்றார். இன்னொரு பயத்தையும் சொன்னார். ஊரில் மனக்கசப்போடு இருக்கும் முஸ்லிம்கள் அவற்றை வாங்கிவிடக்கூடும் என்பதே அது. முஸ்லிம்களைக் குறிக்க அவர் எழுதிய சொல், இன்றும் எமது பிறப்புச் சான்றிதழ்களில் இருக்கும் அதே 'மூர்'தான். ஒரு மன்னரின் சட்டை அவருடைய மக்களின் கையில் இருந்தால் அது நினைவாக நிற்கும் என்பதை வென்றவர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருந்தார்கள்.

வெற்றிக்காக ஒரு பதக்கமும் அடித்தார்கள். பிரித்தானியச் சிங்கம் புலியை வீழ்த்துவது போன்ற காட்சி. சிங்கத்தின் கொடியில் அரபியில் 'அஸதுல்லாஹில் ஃகாலிப்' என்று இருக்கும். வெற்றி கொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம் என்று பொருள். திப்பு தமது ஆயுதங்களில் புலிமுகக் கோலத்தில் எழுதிய வாசகம் அது. நாட்டை எடுத்தவர்கள் அவருடைய சொல்லையும் எடுத்துத் தமது கொடியில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பதக்கமும் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

இனி விலைக்கு வருவோம். எமது ஊரில் காணி வாங்குவதென்றால் முதலில் என்ன கேட்போம்? உறுதி. யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் அறுந்த இடம் இருக்கிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு பார்ப்போம். பழம்பொருள் ஏலத்திலும் அதே கதைதான். கைமாறிய வரலாறு முறியாமல் எழுத்தில் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். பரணில் இருந்த அந்தத் துவக்கு கிழக்கிந்தியக் கம்பனியின் மேஜர் தோமஸ் ஹார்ட் என்பவர் கொண்டுவந்ததாகக் குடும்ப வழியில் தெரிந்திருந்தது. அந்த வரலாறுதான் இரும்பைப் பொன்னாக்கியது.

2023 மே மாதம் திப்புவின் வாள் ஒன்று இலண்டன் ஏலத்தில், கட்டணங்கள் உட்பட, 1 கோடி 40 இலட்சம் பவுணுக்கு மேல் போனது. எதிர்பார்த்த விலை 15 முதல் 20 இலட்சம் பவுண்தான். கோட்டையைத் தாக்கிய தளபதி டேவிட் பெயர்டுக்கு அவருடைய வீரத்துக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட வாள் என்பது எழுத்தில் இருந்தது. உடைத்த சிம்மாசனத்தின் பொன் புலித்தலை ஒன்று 15 இலட்சம் பவுண் பெறுமதி என்று கணிக்கப்பட்டது. அது பிரித்தானியாவை விட்டு வெளியே போகாமல் இருக்க 2021இல் அந்த அரசாங்கம் தற்காலிகத் தடை போட்டது.

கவனியுங்கள். பறித்தவர் கடிதம் எழுதினார், பட்டியல் போட்டார், பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார். பறிகொடுத்தவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை. இரண்டு நூற்றாண்டு கழிந்ததும் பறித்தவரின் எழுத்தே உறுதியாகிவிட்டது.

ஏலம் என்ற முறையில் குற்றம் இல்லை. வறுமையோடு வந்த அன்சாரித் தோழர் ஒருவருடைய வீட்டு விரிப்பையும் குடிக்கும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே கையில் எடுத்து, கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்டு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இருக்கிறது. இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு. மற்றதுக்குக் கோடரி, விறகு வெட்டிப் பிழைக்க. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்பதைத்தான் மார்க்கம் தடுத்தது. அந்த ஏலத்தில் பொருளுக்குச் சொந்தக்காரர் முன்னால் நின்றார், பணம் அவர் கைக்குப் போனது. ஸ்ரீரங்கப்பட்டணத்து ஏலத்தில் சொந்தக்காரர் கப்றில் இருந்தார்.

எழுத்து எதிர்த் திசையிலும் வேலை செய்யும் என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1765இல் ஒல்லாந்தர் கண்டி மாளிகையைக் கொள்ளையிட்டபோது எடுத்துப்போன லெவ்கே திசாவையின் பீரங்கி, நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நீண்ட காலம் இருந்தது. இரு நாட்டு ஆய்வாளர்களும் பழைய ஆவணங்களைத் தோண்டி அது வந்த வழியை உறுதி செய்தார்கள். 2023 ஆகஸ்ட் மாதம் உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்தப் பீரங்கியோடு பொன் வாள், வெள்ளி வாள், ஒரு கத்தி, இரண்டு துவக்குகள் என ஆறு பொருட்கள் திரும்பி வந்தன. இன்று கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் பார்க்கலாம். கோபத்தால் வராத பொருட்கள் ஆதாரத்தால் வந்தன.

இப்போது எமது வீடுகளைப் பார்ப்போம். மூத்தாப்பா விட்டுப்போன சட்டைப்பை மணிக்கூடு. உம்மம்மாவின் பித்தளைப் படிக்கம், வெற்றிலைத் தட்டம். அலுமாரி மேல் கிடக்கும் அரபுத்தமிழ் கிதாபுகள். பள்ளிவாசல் சுவரில் எத்தனையோ தலைமுறைக்குத் தொழுகை நேரம் காட்டிய பெரிய மணிக்கூடு. கொடுத்தவர் யார், எந்த வருடம் என்று கேட்டால் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? பதில் தெரிந்த கடைசி ஆள் மௌத்தான அன்றோடு அந்த மணிக்கூடு வெறும் பித்தளையாகிவிடுகிறது. பழைய இரும்பு வாங்க வருபவர் அதை நிறுத்து எடுத்துக்கொண்டு போகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் காட்ட எம்மிடம் எழுத்து இல்லை.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, வீட்டில் உள்ள பழைய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். என்ன பொருள், யாருடையது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த வருடம், இதைச் சொன்னவர் யார். கூடவே ஒரு படம். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், கற்பனையால் நிரப்பாதீர்கள். கிதாபுகளின் முதல் பக்கத்தில் இருக்கும் பெயரையும் திகதியையும் தவறாமல் பாருங்கள்.

இரண்டு, மினுக்க வேண்டும் என்று உரஞ்சாதீர்கள். முத்திரையும் பெயரும் தேய்ந்து போனால் திரும்ப வராது. மணிக்கூட்டின் உள்ளே இருக்கும் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பழைய துவக்கோ வெடிபொருளோ அகப்பட்டால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். தொல்பொருட்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இடம் தருவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்று, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு. பழைய மணிக்கூடு, விளக்கு, மிம்பர், கல்வெட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் திறவுங்கள். புதுக் கட்டடம் கட்டும்போது பழைய பொருள் எங்கே போனது என்பதும் அதில் இருக்க வேண்டும். வக்பு செய்தவரின் பெயர் அழியாமல் இருப்பது அவருக்கு நாம் செய்யும் நன்றி.

விற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கஷ்டம் வந்தால் விற்கத்தான் வேண்டும், அதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. விற்கும்போது அது என்ன என்று தெரிந்து விற்போம். விற்ற பிறகும் அது எம்மிடம் இருந்தது என்பதற்கு ஒரு தாள் மிஞ்சட்டும்.

வீட்டில் வயதான உம்மாமார், வாப்பாமார் இருப்பவர்கள் இந்த வார விடுமுறையிலேயே ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.