வாணவேடிக்கையும் உரிமச் சீட்டும்

1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே கண்ட மகாநவமி விழாவைப் பற்றி எழுதும்போது வாணவேடிக்கையையும் குறிப்பிடுகிறார். இந்த மாதிரிச் சான்றுகளையெல்லாம் தேடித் தொகுத்தவர் பி.கே. கோடே. 1400 முதல் 1900 வரை இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாறு என்று அவர் எழுதிய சிறு நூல் 1953இல் வெளிவந்தது. ஒரிசாவை ஆண்ட பிரதாபருத்திர தேவர் பெயரில் வழங்கும் 'கௌதுக சிந்தாமணி'யில் வாணம் செய்யும் பக்குவங்கள் இருப்பதை அதில்தான் நான் படித்தேன். அதற்கு முன்னால் தீபாவளிக்கு விளக்குதான். மகாவீரர் பாவாபுரியில் முக்தியடைந்ததை ஒட்டி மக்கள் ஆண்டுதோறும் தீபம் ஏற்றியதை 783இல் ஜினசேனர் தம் 'ஹரிவம்ச புராண'த்தில் சொல்கிறார். வெடிச் சத்தம் அதில் இல்லை. நயினார் வீட்டுப் பிள்ளையான நான் இதைச் சொன்னால், "உங்களுக்குப் பட்டாசே ஆகாதே" என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் வேறு. ஆண்டு விழாவுக்குப் பெரிய வாணக்காரர்களைப் போல நாமே உரிமம் வாங்கி வானவெடி விட்டால் என்ன என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வியாபாரி என்ற முறையில் வரவு செலவு இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

உரிமம் என்ற ஏற்பாட்டுக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். வெடிபொருள் சட்டம் 1884இல் வந்தது. அதை மேற்பார்க்கும் துறை 1898இல் ஏற்பட்டது. இன்று அதன் தலைமையிடம் நாக்பூர். விதிகளை 1914, 1940, 1983, 2008 என்று நான்கு முறை புதிதாக எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் தூரமும் எடையும்தான் பேச்சு. எத்தனை கிலோ வைக்கலாம், பக்கத்துக் கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும், ஒரு கொட்டகையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய கரிமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து கரி, பத்து கந்தகம். இதையே கவனமாகத்தான் கையாளவேண்டும். பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலந்தாலோ கதையே வேறு. லேசான உராய்வு போதும். ஈரம் பட்டால் தானாகவேகூடப் பற்றிக்கொள்ளும். 1992இல் அந்தக் கலவையைத் தடை செய்தார்கள். ஆனால் விலை மலிவு, சத்தம் பெரிது என்பதால் திருட்டுத்தனமாக அது இன்னும் நடமாடுகிறது.

இனி விபத்துகள். 2016 ஏப்ரல் 10 விடியற்காலை, கொல்லம் அருகே பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. மேலே போன வாணம் யாரையும் கொல்லவில்லை. அதன் பொறி, வெடிகளை அடுக்கிவைத்திருந்த கட்டடத்தில் விழுந்ததுதான் கொன்றது. 2024 அக்டோபரில் நீலேஸ்வரத்திலும் இதே கதை: வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே சரக்கு. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் தீப்பிடித்தபோது, உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் நிறையப் பேர் மாண்டார்கள். 2023 அக்டோபர் 7இல் அத்திப்பள்ளி கடைத்தீ நமக்கு இன்னும் நெருக்கம். கர்நாடக எல்லையில் உள்ள அந்த ஊரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளிச் சீசன் வேலைக்கு வந்த பையன்கள்.

கணக்கில் எனக்குத் தெரிந்தது இதுதான். வானத்தில் வெடிப்பதைவிடத் தரையில் குவிந்திருப்பதுதான் ஆபத்து. உரிமம் வாங்கினால் சரக்கு நம் பொறுப்பில் வந்துவிடும். கொண்டுவருவது, காவல் காப்பது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புவது எல்லாம் நம் தலையில். ஆண்டுக்கு ஒரு நாள் செய்கிறவனுக்குக் கை பழகாது. வாணக்காரர்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள், அவர்களுக்கே தவறுகிறது. உரிமம் இருப்பதால் அபாயம் குறையும் என்பதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். தூரம் குறித்து, எடை குறித்து, அதிகாரி வந்து பார்ப்பதால் குறையும். சீட்டைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு இரண்டு மடங்கு சரக்கு இறக்கினால் குறையாது.

ஆகவே என் யோசனை, உரிமமுள்ள வாணக்காரரை அமர்த்துவது. மாவட்ட நிர்வாக அனுமதியை நாம் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும். சரக்கு அன்றைக்கே வரட்டும், அன்றைக்கே முடியட்டும். நம் மண்டபத்தில் ஒரு பெட்டிகூட இரவு தங்கக்கூடாது. கூட்டத்தைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவதற்கு நம் தொண்டர்கள் போதும். ஒன்று மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: வெடிக்காமல் மைதானத்தில் விழுந்து கிடக்கும் குண்டுகளை, மறுநாள் காலை பிள்ளைகள் விளையாட வருவதற்கு முன், அவர்களே தேடி எடுத்துக்கொண்டு போகவேண்டும்.