அனிமே விருதுகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படைப்புகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பன்னாட்டு விருது. இதைக் கிரஞ்சிரோல் என்ற இணையக் காணொளித் தளம் 2017 ஜனவரியில் வழங்கத் தொடங்கியது. ஆண்டின் சிறந்த அனிமே என்ற முதல் விருதை 'யூரி ஆன் ஐஸ்' பெற்றது. தொடக்கத்தில் அமெரிக்காவைச் சார்ந்திருந்த விழா, 2023 முதல் தோக்கியோவில் நடக்கிறது. படைப்பு பிறந்த மண்ணிலேயே படைப்பாளிகளை மேடையேற்றியது நல்ல முடிவு.

நடுவர்கள் பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்க, ரசிகர்கள் இணையத்தில் வாக்களிக்கிறார்கள். நடுவர்கள், ரசிகர்கள் ஆகிய இரு தரப்பின் வாக்குகளும் கணக்கில் சேரும். தென்காசியிலோ குற்றாலத்திலோ கைபேசி வைத்திருக்கும் ஒருவரும் தோக்கியோக்காரரைப் போலவே வாக்களிக்கலாம். 2025இல் பதிவானவை 5.1 கோடி வாக்குகள். அவ்வாண்டின் சிறந்த அனிமே 'சோலோ லெவலிங்'. அதன் மூலக்கதை கொரிய மொழியில் எழுதப்பட்டது. அதே விழாவில் நடிகை ராஷ்மிகா மந்தனா விருது வழங்குநராகப் பங்கேற்றார்.

குரல் நடிப்புக்கு மொழிவாரி விருதுகள் உண்டு. 2025இல் இந்தியும் அவற்றில் சேர்ந்தது. 'ஜுஜுத்சு கைசன்' தொடரின் கோஜோ பாத்திரத்துக்குக் இந்தியில் குரல் தந்த லோஹித் சர்மா அதை வென்றார். தமிழுக்கு அந்த ஆண்டு பிரிவு இல்லை. ஆனால் 'சோலோ லெவலிங்' தமிழ்க் குரலிலும் வந்த தொடர். 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. இவற்றுக்கு உயிர் கொடுக்கும் தமிழ்க் குரல் கலைஞர்களும் அந்த மேடைக்குத் தகுதியானவர்களே.