ஓடை ஒளியேற்றிய மாளிகை

பழைய மாளிகை ஒன்றைப் பார்க்கச் செல்வோர் அதன் முகப்பையும் கூரையையும் அறைகளின் அலங்காரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். இங்கிலாந்தின் வடபகுதியில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தின் ராத்பரி என்னும் சிற்றூருக்கு அருகில் உள்ள கிராக்சைடு மாளிகையை அப்படிப் பார்த்தால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது பள்ளத்தில் ஓடும் டெப்டன் ஓடை. அடுத்து, மேட்டிலுள்ள ஏரிகள். வீட்டைக் கடைசியாகப் பார்க்கலாம். ஏனெனில், நீரின் ஆற்றலால் எடுத்த மின்சாரத்தைக் கொண்டு உலகிலேயே முதன்முதலாக விளக்கேற்றப்பட்ட வீடு என்ற பெருமை கிராக்சைடுக்கு உண்டு. அந்த வீட்டின் அமைப்பு சுவர்களோடு முடிந்துவிடவில்லை.

வக்கீல் பொறியாளர் ஆனார்

வீட்டைக் கட்டியவர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் (1810–1900). நியூகாசில் நகரில் பிறந்த இவர் சட்டம் படித்து வக்கீலாகத் தொழில் நடத்தினார். மனமோ இயந்திரங்களில் இருந்தது. ஒருமுறை மீன் பிடிக்கச் சென்ற இடத்தில், ஓடை நீரால் சுழலும் சக்கரம் ஒன்றைக் கண்டார். உயரத்திலிருந்து இறங்கும் நீரின் ஆற்றலில் மிகச் சிறு பங்குதான் அந்தச் சக்கரத்துக்குப் பயன்படுகிறது, மீதியெல்லாம் வீணாகிறது என்ற எண்ணம் அவரை விடாமல் பற்றிக்கொண்டது. அதன் பலனாக 1846-இல் நியூகாசில் ஆற்றுத்துறையில் நீரழுத்தத்தால் இயங்கும் பளுதூக்கியை நிறுவினார். மறு ஆண்டு எல்சுவிக் என்ற இடத்தில் தொழிற்சாலை தொடங்கினார். பின்னர் அது பீரங்கிகளையும் போர்க்கப்பல்களையும் செய்யும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

1863-இல் டெப்டன் பள்ளத்தாக்கில், பாறைச் சரிவின் மேல், ஓய்வு நாட்களைக் கழிப்பதற்காகச் சிறிய வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 1869-இல் ரிச்சர்டு நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞரை அழைத்து அதைப் பெரிதாக்கச் சொன்னார். அதன்பின் சுமார் பதினைந்து ஆண்டுகள் வேலை நடந்தது. சிறிய வீட்டைச் சுற்றிக் கோபுரங்களும் படிக்கட்டுகளும் ஓவியக் கூடமும் முளைத்தன. வரவேற்பறையின் சலவைக்கல் கணப்படுப்பு மட்டும் 10 டன் எடை உள்ளதென்பர்.

முகம் பழையது, உள்ளம் புதியது

முக்கோண முகப்புகள், மரச்சட்டங்கள் தெரியும் சுவர்கள், உயர்ந்த புகைபோக்கிகள் இவற்றையெல்லாம் பார்ப்பவர் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய வீடு என்றே நினைப்பார். பழைய ஆங்கிலேய நாட்டுப்புற வீடுகளின் சாயலை ஷா வேண்டுமென்றே கொண்டுவந்தார். உள்ளே சென்றாலோ அக்காலத்தின் மிகப் புதிய வசதிகள். 1868-இலேயே அங்கு நீரழுத்த இயந்திரம் வந்துவிட்டது. வீட்டிற்கு மேலே குன்றில் தேக்கிய நீரின் அழுத்தத்தால் மின்தூக்கி போன்ற ஒரு தூக்கி மாடிக்கு ஏறி இறங்கியது. சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பி தானாகச் சுழன்றது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம்தான் அங்கே வேலைக்காரரின் சுமையைக் குறைத்தது.

1878-இல் ஓவியக் கூடத்தில் மின் வில்விளக்கு எரிந்தது. அதன் ஒளி கண்ணைக் கூசச் செய்வது, வீட்டுக்கு ஏற்றதல்ல. அந்தச் சமயத்தில் நியூகாசில் வட்டாரத்திலேயே ஜோசப் ஸ்வான் கரி இழை கொண்ட மின்குமிழை உருவாக்கியிருந்தார். 1880-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வானின் குமிழ்கள் கிராக்சைடில் ஒளிர்ந்தன. மொத்தம் 45 குமிழ்கள். ஒரே நேரத்தில் 37-க்கு மேல் தேவைப்படவில்லை என்று ஆர்ம்ஸ்ட்ராங் எழுதியிருக்கிறார்.

நூலகத்தில் இருந்த விளக்குகள் விந்தையானவை. எனாமல் பூசிய செம்பு ஜாடிகளின் மேல் குமிழ்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஜாடியின் உள்ளே செல்லும் கம்பியின் முனை அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். பீடத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தில் பாதரசம். ஜாடியை வைத்தால் கம்பி பாதரசத்தைத் தொடும். மின்னோட்டம் விளக்கில் ஏறி, ஜாடியின் செம்பு உடல் வழியாகவே திரும்பும். ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணைந்துவிடும். ஜாடியே சுவிட்ச்! இன்றைய மின்பணியாளர் இதைக் கண்டால் திடுக்கிடுவார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளக்குகளுக்கு ஆற்றல் தந்த நீர்ச்சுழலியின் திறன் 6 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 4,500 வாட். அதுவும் டைனமோவும் வீட்டிலிருந்து 1,500 கஜம் தள்ளி இருந்தன. போக வர 3,000 கஜம் செம்புக் கம்பி. கம்பியின் விட்டம் ஏறத்தாழ 7½ மில்லிமீட்டர். செம்பின் தன்மின்தடையை வைத்துக் கணக்கிட்டால் மொத்த மின்தடை ஏறக்குறைய ஓர் ஓம் வரும். இதில் 20 ஆம்பியர் ஓடினால் 400 வாட் வெப்பமாக வீணாகும். 40 ஆம்பியர் ஓடினால் 1,600 வாட்! மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது அல்லவா? மின்னாக்கி நிலையம் வீட்டை விட்டு வெகுதூரம் போக முடியாததற்குக் காரணம் இதுவே.

இன்னொரு கணக்கு. உங்கள் ஊரில் 10 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் நீர்த்தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் நிலையாற்றல் 98,000 ஜூல். 4,500 வாட் வீதம் செலவழித்தால் 22 வினாடிகளில் தீர்ந்துவிடும். மாலை முழுவதும் விளக்கெரிய எத்தனை தொட்டிகள் வேண்டும் என்று பாருங்கள். ஆர்ம்ஸ்ட்ராங் ஓடைகளுக்கு அணை கட்டி ஏரிகளை உண்டாக்கியது அழகுக்காக மட்டும் அல்ல. அந்தத் தோட்டத்தில் ஐந்து ஏரிகள் உள்ளன. விளக்குகள் பெருகியபோது, 1886-இல் இன்னும் உயரத்திலிருந்து நீர் இறங்கும் வேறொரு மின்நிலையமும் கட்டப்பட்டது.

பணம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவுக்கும் பணம் கொடுத்தவை பீரங்கிகளும் கப்பல்களும். 1889-இல் பாரசீக மன்னர் ஷா, 1897-இல் சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் போன்றோர் அங்கே விருந்தினராக வந்தனர். அரசுகள் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்பதை மறந்துவிட்டு அந்த விருந்துகளைப் பார்க்க முடியாது. எரிபொருளே இல்லாமல் எரிந்த விளக்கின் வெளிச்சத்தில் வெடிமருந்தின் வியாபாரமும் நடந்தது.

ஆனால் அதே மனிதர்தான், வீடு கட்டத் தொடங்கிய அந்த 1863-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் தலைவராக நியூகாசிலில் பேசும்போது, இங்கிலாந்தின் நிலக்கரி ஒருநாள் தீரும் என்று எச்சரித்தார். நிலக்கரியால் கொழித்த நகரத்திலேயே நின்று அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். வெப்பமண்டலத்தில் ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் வெயில், நாள்தோறும் சுமார் 9 மணி நேரம் 4,000 குதிரைகள் உழைப்பதற்குச் சமம் என்றும் அவர் கணக்கிட்டார். அந்த வெயில் விழும் நாட்டில் வாழும் நாம் இதை இருமுறை படிக்கலாம்.

எதைப் பாதுகாப்பது?

1977-இல் கிராக்சைடு, வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது. மாளிகை மிக உயர்ந்த முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அதோடு நில்லாமல், நீரேற்று நிலையம், மின்நிலையம், ஓடையைக் கடக்கும் இரும்புப் பாலம் ஆகியவையும் தனித்தனியாகப் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. இது மிகச் சரியான முடிவு. ஏரியும் குழாயும் அழிந்து சுவர் மட்டும் நின்றால், இந்த வீடு ஏன் சிறப்புடையது என்பதை யாராலும் விளக்க முடியாது.

2014-இல் அங்கு ஓர் ஏரியின் ஓரத்தில் 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்றை நிறுவினார்கள். நீரை மேலேற்றப் பயன்பட்ட பழங்காலத் திருகுதான். இங்கே கீழிறங்கும் நீர் அதைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பத்தாண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 30 அன்று, பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. நிலக்கரி தீர்ந்துபோனதால் அல்ல. அதன் புகை உலகைச் சூடாக்குவதால். அந்தக் காரணத்தை ஆர்ம்ஸ்ட்ராங் எதிர்பார்த்திருக்க மாட்டார். டெப்டன் ஓடையோ இன்னும் அதே சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது.