யாருக்கு ஆபத்து?

பள்ளி மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை விரிக்கிறோம். பெயர் சொல்லி அழைக்கிறோம். "உள்ளேன் ஐயா" எனக் குரல் எழுகிறது. ஒரு பெயருக்குக் குரல் எழாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். கேட்பது கடமை, கேளாதிருப்பது குற்றம். நால்வருள் ஒருவர் குரல் நிலையாக அடங்கிய பின்னரும், ஏன் என்று கேட்க மறுத்த ஓர் அரசுத் துறையின் வரலாறு இது.

கனடாவின் தொல்குடி மக்களை ஆள 1876-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1880-இல் ஒரு துறை பிறந்தது. 'இந்தியர் விவகாரத் துறை' என்று அதற்குப் பெயர். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு அமெரிக்கக் கரையில் ஏறிய ஐரோப்பியர் இட்ட தவறான பெயர், துறையின் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டது!

காப்பாளர் நாங்கள் என்றது துறை. காப்பு எப்படி இருந்தது? குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். பணம் அரசுடையது, நிர்வாகம் கிறித்துவத் திருச்சபைகளுடையது. தாய்மொழி பேசினால் தண்டனை. மானியமோ தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தலை குறைந்தால் பணம் குறையும். ஆகவே நோயுற்ற குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். காற்றோட்டமற்ற நெருக்கமான படுக்கையறைகளில் எலும்புருக்கி நோய் படுக்கை விட்டுப் படுக்கை தாவியது.

1904-இல் தலைமை மருத்துவ அலுவலராக அமர்ந்தார் பீட்டர் பிரைஸ். 1907-இல் மேற்கு மாநிலங்களின் 35 பள்ளிகளை ஆராய்ந்தார். கணக்குக் கிடைத்த 1,537 மாணவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இறந்திருந்தனர். துல்லியமான கணக்குத் தந்த ஒரு பள்ளியிலோ, படித்து வெளியேறியவர்களுள் நூற்றுக்கு 69 பேர் உயிரோடில்லை. பள்ளிகளை அரசே முழுமையாக ஏற்று நடத்த வேண்டும், நோயுற்ற பிள்ளைகளுக்கு மருத்துவம் அளிக்க வேண்டும் என்றார் பிரைஸ்.

ஆபத்து தெரியாமல் இருந்ததா? தெரிந்தது. அளந்து காட்டப்பட்டது. அச்சிடப்பட்டது. ஆயினும் துறை அஞ்சியது வேறோர் ஆபத்துக்கு! செலவு கூடுமே என்ற அச்சம். திருச்சபைகள் சினங்கொள்ளுமே என்ற அச்சம். குழந்தையின் நுரையீரலை விடக் கருவூலத்தின் நலம் பெரிதாகப்பட்டது.

1913-இல் டங்கன் கேம்பல் ஸ்காட் துறையின் தலைமை அதிகாரியானார். அவர் கவிஞரும்கூட! 1920-இல், பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் செய்யும் அதிகாரம் சட்டத்தில் ஏறியது. நோய்க்கூடத்தின் கதவு, உள்ளே தள்ள மட்டும் அகலத் திறந்தது. 1921-இல் பிரைஸ் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். மறு ஆண்டே 'ஒரு தேசியக் குற்றத்தின் கதை' என்ற சிறு நூலை வெளியிட்டார். நாடெங்கும் சிதறிக்கிடந்த 1,05,000 தொல்குடியினரின் எலும்புருக்கியைத் தடுக்க ஆண்டுக்கு 10,000 டாலர். அதே அளவு மக்கள் வாழ்ந்த ஒட்டாவா நகரம் அந்நோயாளர்க்குச் செலவிட்டதோ 33,000 டாலருக்கும் மேல் என்று அந்நூல் கணக்குக் காட்டியது.

பள்ளிகள் உடனே மூடப்பட்டனவா? இல்லை. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில். 1,50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அவற்றுள் நுழைந்தனர். 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. இறந்த குழந்தைகளுள் 4,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் நினைவுப் பதிவேட்டில் ஏறின. வகுப்பில் அழைக்கப்பட வேண்டிய பெயர்கள்!

2017-இல் துறையை இரண்டாகப் பிரிக்க அரசு முடிவு செய்தது, பெயர்களும் மாறின. போக்கு மாறிற்றா? வெள்ளமும் காட்டுத்தீயும் தொல்குடி ஊர்களைத் தாக்குவது பற்றி 2022-இல் கனடாவின் தலைமைத் தணிக்கையர் அறிக்கை தந்தார். வருமுன் காக்கச் செலவிட்டதைப் போல் மூன்றரை மடங்கு பணம், வந்தபின் மீட்கச் செலவாயிற்று என்றது அது. 1907-இல் மருத்துவர் சொன்னதும் வருமுன் காக்கும் வழியைத்தானே?

இன்று அலுவலகந்தோறும் 'இடர் மேலாண்மை' என்ற சொல் ஒலிக்கிறது. நல்ல சொல்தான். ஆயினும் இளைஞர்களே, எந்தக் கோப்பைக் கண்டாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்கு வரும் இடரை இது எண்ணுகிறது? நாற்காலிக்கா, மக்களுக்கா? பிரைஸின் கையில் இருந்தது எண்ணிக்கை ஒன்றே. அதை மறைக்க முடிந்தது; பொய்யாக்க எவராலும் முடியவில்லை. கேள்வி கேட்போர் பெருகியிருந்தால் மறைக்கவும் முடிந்திருக்காது!