டிசிபி ராப்பர் பிறந்த கதை

நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் கணினிகளுக்குள் 1990 வாக்கில் ஒருவன் அடிக்கடி புகுந்துகொண்டிருந்தான். கணினியை முழுமையாக ஆளும் ரூட் அதிகாரத்தைக் கைப்பற்றுவான். கிளம்பும்போது ஒரே கட்டளையில் கோப்புகளையெல்லாம் அழித்துவிடுவான். காப்பு நாடாக்களிலிருந்து கோப்புகளை மீட்டுவிடலாம். வந்தவன் யார் என்பதற்கான தடயம்தான் அழிந்ததோடு போய்விடும்.

அங்கே பணியாற்றிய வீட்ஸ வெனமா ஒன்றைக் கவனித்தார். கணினியில் அப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஃபிங்கர் என்றொரு சேவை உண்டு. அது கடவுச்சொல் கேட்காது; கேட்டவர் யாரென்று குறித்தும் வைக்காது. அதன் வழியே அவன் இவர்களை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான். அப்படியானால் அவனையும் நோட்டம் விடலாமே!

ஃபிங்கரைத் திருத்த அதன் மூலநிரல் வெனமாவிடம் இல்லை. ஆனால் யூனிக்ஸில் ஐநெட்டி என்ற நிரல்தான் இணைப்புகளுக்காகக் காத்திருந்து, உரிய சேவையை எழுப்பும். வெனமா அசல் ஃபிங்கர் நிரலை வேறோர் அடைவுக்கு நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் தன்னுடைய குட்டி நிரலான டிசிபி ராப்பரை வைத்தார். வருபவரின் முகவரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அசலை ஓடவிடுவது மட்டுமே அதன் வேலை. அதன்பின் அது நினைவகத்தில்கூட இருக்காது. அமைப்புக் கோப்புகளில் ஒரு வரியும் மாறவில்லை.

பதிவேடு பேசத் தொடங்கியது. யாரும் நுழையக்கூடிய பொது டெர்மினல் சர்வர்கள் வழியாக அவன் வருவது தெரிந்தது. தடுக்கும் எண்ணம் அதன்பிறகே வந்தது. ஹோஸ்ட்ஸ்.அலவ், ஹோஸ்ட்ஸ்.டினை என இரண்டு கோப்புகள்: முதலாவதில் முகவரி பொருந்தினால் அனுமதி, இரண்டாவதில் பொருந்தினால் மறுப்பு, இரண்டிலும் இல்லையென்றால் அனுமதி. சந்தேகத்துக்குரிய முகவரியிலிருந்து யாராவது தட்டினால், அந்தக் கணினியைத் தானே ஃபிங்கர் செய்து பார்க்கும் பொறியையும் சேர்த்தார்.

1992இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்புக் கருத்தரங்கில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸ் உலகம் முழுவதும் அது பரவியது. 1999 ஜனவரியில் ஐன்ட்ஹோவன் சர்வரிலிருந்த ராப்பர் கோப்பையே யாரோ மாற்றி, 421ஆம் போர்ட்டிலிருந்து வருபவருக்கு ரூட் அதிகாரம் தரும் கள்ளப் பிரதியை வைத்தார்கள். அன்றே அது அம்பலமானது.

2014இல், தொலைவிலுள்ள கணினிகளுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் ராப்பருக்கான ஆதரவைக் கைவிட்டது. இன்று முகவரியைப் பார்த்துத் தடுக்கும் வேலை பெரும்பாலும் ஃபயர்வாலுடையது. ஆனால் எந்த முகவரியைத் தடுப்பது என்று முடிவெடுக்க, இன்றைய நிர்வாகியும் முதலில் பதிவேட்டைத்தான் திறக்கிறார்.